ஆர்மோனியத்தின் இடத்தில் சிந்தசைசர்: ஓர் இசை நாடக மேடைக்காக என்வெலப் திருத்தப்பட்ட நிகழ்வு

பின்னணி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கோயில் ஒன்றின் திருவிழா இரவில் இசை நாடகம் போட ஒப்புக்கொண்டிருந்த குழுவின் ஆர்மோனியம், மேடையேற்றத்துக்கு மூன்று கிழமை இருக்கையில் கைவிட்டது. துருத்தியின் மடிப்புகள் கிழிந்து காற்றுப் போனது. நடு ஸ்தாயியில் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குகளான றீட்டுகளில் இரண்டு பச்சை பிடித்து ஊமையாகியிருந்தன. திருத்துபவர் ஒரு மாதம் கேட்டார். திருவிழாக் காலம் என்பதால் இரவலுக்கும் ஒன்று அகப்படவில்லை.

கலியாண வீடுகளுக்குக் கீபோட் வாசிக்கும் ஓர் இளைஞரிடம் பொறுப்பு வந்தது. அவருடைய வழக்கமான கீபோட்டில் ஆர்மோனியத்துக்குக் கிட்டிய ஒலி என்றால் அக்கோடியன்தான். அந்தப் பதிவிலேயே அதிர்வு கலந்திருந்தது, அணைக்க வழியில்லை. சுருதிப் பெட்டியோடு வைத்துக் கேட்டபோது அலைந்தது. ஆகவே கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த நான்கு குரல் (ஒரே நேரத்தில் நான்கு சுரம் ஒலிக்கும்) அனலாக் சிந்தசைசரை அவர் தெரிந்தெடுத்தார். அதில் இரண்டு என்வெலப் உண்டு; அமுக்கிய சுரம் எப்படி எழுந்து, நின்று, அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதி அது. ஒன்று ஒலியின் அளவையும், மற்றது மேல் ஒலிகளை வெட்டும் பில்ரரையும் நடத்தும். இரண்டுக்கும் அற்றாக் (எழுச்சி), டிக்கே (இறக்கம்), சஸ்ரெயின் (நிலைப்பு), றிலீஸ் (விரலை எடுத்த பின் அடங்கல்) என்று நான்கு குமிழ்கள். திரையில் வருவது 0 முதல் 1023 வரையான எண், மில்லிசெக்கன் அல்ல.

குழு பாடியது ஐந்து கட்டையில், அதாவது ஆதார சட்ஜம் மேற்கத்திய முறையில் ஜி. பக்க வாத்தியம் மிருதங்கமும் ஜாலராவும். ஆர்மோனியக்காரரின் வேலை சுருதி கொடுப்பது மட்டுமல்ல. நடிகர் விருத்தம் இழுக்கும்போது ஒவ்வொரு சங்கதியையும் கூடவே பிடித்துப்போய், அவர் மூச்சு எடுக்கும் இடைவெளியை நிரப்புவதும் அவர்தான்.

முதல் ஒத்திகையில் கண்டவை

இளைஞர் கொண்டுவந்தது கருவியிலேயே இருந்த ஒரு ‘பாட்’ வகை ஒலி. தனியே கேட்க நன்றாக இருந்தது. ஆறுதலாக எழுந்து, பரந்து நின்று, விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். இரண்டாவது விருத்தத்திலேயே நாடகத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் பாட்டை நிறுத்தினார்.

“நான் சொல்லை விட்டாப் பிறகுதான் தம்பி உம்மட பெட்டி வாய் திறக்குது.”

மிருதங்கக்காரரும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: தாளத்துக்குப் பிந்துகிறது. இளைஞர் கொஞ்சம் முந்தி வாசித்துப் பார்த்தார். ஆறுதலான பாட்டில் அது ஒருவாறு சமாளித்தது. துரித காலத்தில் விரல் ஓரிடம், காது ஓரிடம் என்று குழம்பியது. சவுண்ட்காரர் மிக்ஸரின் எதிரொலியில் சந்தேகப்பட்டு அதை அணைத்தார். ஒன்றும் மாறவில்லை.

இரண்டாவது குறை சாவேரியில் தெரிந்தது. சட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்குப் போய்த் திரும்பும் இடங்களில் ஒலி கரகரத்தது. ஐந்து கட்டையில் சட்ஜம் 196 ஹேர்ட்ஸ், சுத்த ரிஷபம் ஏறத்தாழ 208. முதல் சுரம் அடங்காமல் இரண்டாவது வந்தால் செக்கனுக்குப் பன்னிரண்டு தடவை அளவில் இரண்டும் அடித்துக்கொள்ளும். காதில் அது சுருதி பிசகாகவே விழும். சுருதி பிசகவில்லை என்று இளைஞர் ரியூனரைக் காட்டியும் யாரும் ஏற்கவில்லை. இளைஞர் சொன்னதும் மற்றவர்கள் கேட்டதும் இரண்டும் சரிதான்.

மூன்றாவது விசித்திரமானது. இளைஞர் இடக்கையால் சட்ஜமும் பஞ்சமமும் பிடித்து வைத்துக்கொண்டு வலக்கையால் வாசித்தார். பிருகா (வேகமான சுர அடுக்கு) வரும் இடங்களில், விரல் கட்டையில் இருக்கத்தக்கதாகவே சட்ஜம் சில வேளை மறைந்துபோனது.

இன்னுமொன்றையும் இளைஞர் குறித்து வைத்திருந்தார்: டிக்கே குமிழ் பழுது, திருப்பினால் எந்த மாற்றமும் இல்லை.

அளந்து பார்த்தது

குமிழில் மில்லிசெக்கன் இல்லாததால் கைத்தொலைபேசியைக் கட்டைகளுக்கு அருகே வைத்துப் பதிவு செய்தார்கள். பிளாஸ்ரிக் கட்டை அடியில் தட்டுகிற ‘டொக்’ சத்தமும், ஸ்பீக்கரில் வரும் ஒலியும் ஒரே பதிவில் விழும். கணினியில் ஒடாசிற்றி மென்பொருளில் அந்தப் பதிவைப் பெருப்பித்து, டொக்கிலிருந்து ஒலி பாதி அளவை எட்டும் இடம் வரை தெரிவுசெய்தால் பிந்தும் நேரம் நேரடியாகக் கிடைக்கும். ஸ்பீக்கரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

கிடைத்தது ஏறத்தாழ 140 மில்லிசெக்கன். யாழ்ப்பாண வெக்கையில் ஒலி செக்கனுக்கு 350 மீற்றர் அளவில் ஓடும். அந்தக் கணக்கில் ஆர்மோனியக்காரரை மேடையிலிருந்து 49 மீற்றர் தள்ளி இருத்தி வாசிக்க விட்டதற்குச் சமம்.

றிலீஸ் 900 மில்லிசெக்கன் அளவில் இருந்தது. துரித சங்கதியில் செக்கனுக்கு எட்டுச் சுரம் என்றால் ஒரு சுரத்துக்கு 125 மில்லிசெக்கன். ஆக, ஒரு சுரம் அடங்கி முடிவதற்குள் அடுத்த ஏழு சுரங்கள் வந்துவிடும். கருவியிலோ நான்கு குரல்தான். அதில் இரண்டைச் சட்ஜமும் பஞ்சமமும் பிடித்திருந்தன. மிஞ்சிய இரண்டும் அடங்காத வால்களால் நிறைந்ததும், புதிய சுரத்துக்காகக் கருவி ஆகப் பழைய குரலைப் பறித்தது. ஆகப் பழையது இடக்கையின் சட்ஜம். மறைந்த சுருதியின் கதை இதுதான்.

டிக்கே குமிழில் பழுது இல்லை. நீளமாக ஒலிக்க வேண்டும் என்று எண்ணி இளைஞர் சஸ்ரெயினை முழுதாகத் திறந்து வைத்திருந்தார். அற்றாக், டிக்கே, றிலீஸ் மூன்றும் நேரம். சஸ்ரெயின் மட்டும் அளவு: கட்டை அமுங்கியிருக்கும் வரை ஒலி எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது. அற்றாக் உச்சத்துக்கு ஏற்றும். டிக்கே அங்கிருந்து சஸ்ரெயின் மட்டத்துக்கு இறக்கும். அந்த மட்டமே உச்சத்தில் இருந்தால் இறங்குவதற்கு இடமில்லை.

முதல் திருத்தமும் அது தவறிய விதமும்

ஒலியளவு என்வெலப்பில் அற்றாக்கையும் றிலீசையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார்கள். கரகரப்புப் போனது. பதிலுக்கு ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ‘டிக்’ என்று ஒரு வெட்டு வந்தது. வீட்டு ஸ்பீக்கரில் அது பொருட்டாகத் தெரியவில்லை. கோயில் வீதிக்குக் கொண்டுபோகும் பெரிய பெட்டிகளில் போட்டுப் பார்த்தபோது, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் யாரோ தட்டுவது போலக் கேட்டது.

அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் நின்றால் சத்தம் வராது. நடு உயரத்தில் வெட்டுப்பட்டால் அந்தத் திடீர்ப் பாய்ச்சல் எல்லா அலைவரிசையிலும் சிதறும். கீழ்ச் சுரங்களில் இது மோசம். கீழ் ஸ்தாயி சட்ஜம் 98 ஹேர்ட்ஸ். அதன் ஓர் அலை முடியவே 10 மில்லிசெக்கன் வேண்டும். அதைவிடக் குறுகிய அற்றாக், சுரத்துக்கு முன்னால் ஒரு தட்டாகத்தான் காதில் விழும்.

இதைவிட முக்கியமானது, பிந்தல் போகாதது. திரும்ப அளந்தபோது 110 மில்லிசெக்கன் அளவில் இருந்தது. அற்றாக் பூச்சியத்தில் இருக்கும்போது இது எப்படி என்று குழம்பி, இளைஞர் சிந்தசைசரையே மாற்றும் யோசனைக்கு வந்தார். பில்ரருக்குப் போகும் என்வெலப்பின் அளவுக் குமிழைப் பூச்சியமாக்கி, பில்ரர் ஒலியை வெட்டத் தொடங்கும் எல்லையான கட்ஓஃபைக் கையால் திறந்து பார்த்தபோது சுரம் உடனே வந்தது. குற்றம் இரண்டாவது என்வெலப்பில்.

அந்த ஒலியில் கட்ஓஃப் 150 ஹேர்ட்ஸ் அளவில் மூடியிருந்தது; என்வெலப் ஆறுதலாக அதைத் திறக்கும். மேல் சட்ஜம் 392 ஹேர்ட்ஸ். ஓர் ஸ்தாயிக்கு 24 டெசிபெல் வெட்டும் பில்ரரில், 150இல் கட்ஓஃப் நின்றால் 392இல் உள்ள ஒலி 30 டெசிபெலுக்கு மேல் அடங்கிவிடும். ஒலியளவு வாசல் முழுதாகத் திறந்திருந்தும் உள்ளே இருந்து வெளிவர எதுவுமில்லை. மேற்சுரங்கள் கூடப் பிந்தியதற்கும் இதுவே காரணம்: சுரம் உயர உயர, பில்ரர் திறந்து அதை எட்ட நேரம் எடுக்கும்.

பிந்துகிறது என்ற முறைப்பாடு வந்தால் எல்லோரும் முதலில் திருப்புவது ஒலியளவு அற்றாக்கைத்தான். இரண்டு என்வெலப் உள்ள கருவியில் பில்ரரை முழுதாகத் திறந்துவிட்டுப் பார்ப்பது முதற்சோதனையாக இருக்க வேண்டும். ஐந்து செக்கன் வேலை.

எடுத்த தீர்மானங்கள்

சுருதியைச் சிந்தசைசரிலிருந்து எடுத்துவிட்டார்கள். மின்கலத்திலும் ஓடும் சுருதிப் பெட்டி ஒன்று அந்த வேலையைப் பார்த்தது. நான்கு குரலும் வலக்கைக்குக் கிடைத்தன.

அடுத்த கேள்வி, ஆர்மோனியத்தின் துருத்தியை எங்கே வைப்பது. இளைஞர் அதை அற்றாக்கில் தேடிக்கொண்டிருந்தார்: மெல்ல எழும் காற்றுத்தானே ஆர்மோனியம் என்பது அவர் எண்ணம். இது பொருந்தாது. என்வெலப் ஒவ்வொரு கட்டைக்கும் புதிதாகத் தொடங்கும். 1964இல் சிந்தசைசர் முன்னோடிகளான றொபேட் மூக்கும் ஹேர்பேட் டொய்ச்சும், தனித்தனிப் பகுதிகளை இணைத்து வாசிக்கும் தங்கள் முதல் மொடியூலர் கருவிக்காக இதைப் பரிசோதித்தபோது, சுரத்தைத் தொடக்கி விட வைத்தது ஒரு வாசல் மணிப் பொத்தான். அமுக்கினால் தொடக்கம், விட்டால் முடிவு. அந்த அமைப்பை இசையமைப்பாளர் விளாடிமிர் உசாசெவ்ஸ்கி நான்கு பகுதியாகக் கேட்டு வாங்கினார். சிந்தசைசர் தயாரித்த ஆர்ப் நிறுவனம் அவற்றை இன்றைய நான்கு பெயர்களாக்கியது. அடிப்படை மாறவேயில்லை. ஆர்மோனியத்தில் இதற்கு ஒப்பானது கட்டைக்குக் கீழே றீட்டின் துளையை மூடித் திறக்கும் பலகை. துருத்தியோ எல்லாச் சுரங்களுக்கும் பொதுவானது. ஒரு வரி முழுவதற்கும் ஏறி இறங்கும். ஆகவே துருத்தி காலுக்குப் போனது. சிந்தசைசருக்கும் மிக்ஸருக்கும் இடையில் ஒரு வொலியூம் பெடல். முதலில் கிடைத்தது 250 கிலோ ஓம் கிற்றார் பெடல். பாதியில் நிறுத்தினால் நீண்ட வயரோடு சேர்ந்து மேல் ஒலிகளைத் தின்றது. 25 கிலோ ஓம் உள்ள கீபோட் பெடலுக்கு மாற்றியதும் அது தீர்ந்தது.

கட்டையை அமுக்கும் வேகத்துக்கேற்ப ஒலி கூடிக் குறைவதையும் அணைத்தார்கள். ஆர்மோனியக் கட்டைக்கு வேகம் தெரியாது. பிருகாவில் சின்னவிரல் சுரங்கள் மட்டும் அமுங்கிப்போனது இதனால்தான்.

ஒற்றைக் குரல் முறையையும் பரீட்சித்தார்கள். அதில் விரல்களைக் கோத்து வாசித்தால் என்வெலப் திரும்பத் தொடங்காது. ஒரே ஒலிப்பு நீண்டு, சுரம் மட்டும் மாறும். வழுக்கலும் சேர்த்தபோது கமகம் அழகாக வந்தது. அண்ணாவியார் ஏற்கவில்லை. “வடிவாத்தான் இருக்கு, ஆனா இது பிடில்.” அவர் காரணமும் சொன்னார்: ஆர்மோனியத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தலை உண்டு, அந்தத் தலையில்தான் நடிகர் அடுத்த சொல்லை வைப்பார். தொழில்நுட்பமாகவும் அவர் சொன்னது சரி. தனித்தனி றீட்டுகள் தனித்தனியே பேசத் தொடங்கும். பல குரல் முறைக்கே திரும்பினார்கள்.

இறுதியாக நின்ற அமைப்பு, மேற்சொன்ன பதிவு முறையால் அளந்தபடி:

ஒலியளவு என்வெலப்: அற்றாக் 12 மில்லிசெக்கன், சஸ்ரெயின் முழுது, றிலீஸ் 70 மில்லிசெக்கன். டிக்கே எங்கிருந்தாலும் பரவாயில்லை.

பில்ரர் என்வெலப்: அற்றாக் 20, டிக்கே 250, சஸ்ரெயின் முக்கால், றிலீஸ் 50. என்வெலப்பின் அளவு குறைவு. கட்ஓஃப், என்வெலப் இல்லாமலே மேல் சட்ஜம் தெளிவாகக் கேட்கும் இடத்தில்.

பில்ரரின் அற்றாக்கைச் சற்று நீளமாக வைத்ததற்குக் காரணம், றீட் அதிர்வு வலுத்த பிறகே மேல் ஒலிகள் பிறப்பது. அதன் றிலீசைக் குறைத்தது, அடங்கும்போது கூர்மை முதலில் போவதற்காக. இரண்டையும் சமமாக வைத்தபோது ஒலி ஓர்கனாக மாறியது. வித்தியாசம் 20 மில்லிசெக்கன்தான்.

இந்த எண்களை வேறு கருவியில் அப்படியே போடுவது பயன் தராது. அனலாக் என்வெலப்பில் மின்தேக்கி ஒன்று தடையூடாக வடிகிறது. ஒரு நேர மாறிலியில் 37 சதவீதத்துக்கு இறங்கும். 60 டெசிபெல் இறங்க ஏறத்தாழ ஏழு மாறிலி வேண்டும். றிலீஸ் நேரம் என்று எதைக் குறிப்பது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

மேடையில் நடந்தது

ஒத்திகை நடந்தது சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில். கோயில் வீதி திறந்த வெளி. சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஒலி இல்லை. 70 மில்லிசெக்கன் றிலீஸ் அங்கே வறண்டு, சுரங்களுக்கிடையில் பள்ளம் விழுந்தது. சவுண்ட் பார்க்கும் நேரத்தில் 120க்குக் கூட்டினார்கள். சாவேரியை ஒருமுறை துரிதமாக வாசித்து, கரகரப்புத் திரும்பவில்லை என்று உறுதிசெய்த பிறகே அதை ஏற்றார்கள். கருவியை அரை மணித்தியாலம் சூடேற விட்டு, அதன் தானியங்கிச் சுருதிச் சரிசெய்தலையும் ஓட்டினார்கள். சுரத்தைப் பிறப்பிக்கும் அனலாக் ஒஸிலேற்றர் வெப்பத்துக்கு நழுவும்.

முதல் ஒரு மணித்தியாலம் எவரும் கருவியைப் பற்றிப் பேசவில்லை. இணுவில், அளவெட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்கள் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவர்கள். பிந்தியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

பிறகு கரண்ட் நின்றது. ஜெனரேற்றர் பிடித்ததும் சிந்தசைசர் மீண்டும் எழுந்தது, அதன் நினைவகத்தில் முதலாம் இடத்திலிருந்த பழைய பாட் ஒலியோடு. இளைஞர் தன் ஒலியை ஒத்திகை நாளிலேயே சேமித்திருந்தார். சேமித்தது 140ஆவது இடத்தில். நடிகர் விருத்தத்தின் நடுவில் நின்றார். மின்கலத்தில் ஓடிய சுருதிப் பெட்டி நிற்காததால் அவர் அதையே பிடித்துக்கொண்டு பாடிப்போனார். இளைஞர் சரியான இடத்தைத் தேடி எடுத்தார். மாலையில் 120க்குக் கூட்டிய றிலீஸ் சேமிக்கப்படவில்லை. பழைய 70 வந்திருந்தது. அதைக் கூட்டக் குமிழைத் தொட்டதும் அளவு ஒரேயடியாகத் தாவி, நீண்ட வால் ஒன்று விருத்தத்தின் முடிவில் தொங்கியது. ஒலியை அழைக்கும்போது சேமித்த எண் வரும். குமிழோ கை விட்ட இடத்திலேயே நிற்கும். தொட்ட கணத்தில் கருவி குமிழின் இடத்துக்குத் தாவும். கருவியின் பட்டியலில் இதற்குத் தெரிவு உண்டு: குமிழ் சேமித்த எண்ணைக் கடக்கும்வரை எதையும் மாற்றாத முறை. அது இயக்கப்பட்டிருக்கவில்லை.

நாடகம் தடைப்படவில்லை. விடிய முன் மங்களம் பாடி முடித்தார்கள்.

அடுத்த முறைக்கு மாற்றுபவை

மேடை ஒலி முதலாம் இடத்திலேயே சேமிக்கப்படும். அதற்கடுத்த இரண்டாம் இடத்தில் மண்டபத்துக்கான குறுகிய றிலீஸ். சவுண்ட் பார்த்து முடிந்ததும் திரும்பச் சேமிப்பது சவுண்ட்காரரின் பட்டியலில் சேர்ந்துள்ளது. வாசிப்பவருக்கு அந்த நேரத்தில் ஆயிரம் வேலை. குமிழ்த் தாவலை நிறுத்தும் முறை இப்போது இயக்கப்பட்டுள்ளது. சிந்தசைசருக்கும் மிக்ஸருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கப்பட்டிருக்கிறது. ஜெனரேற்றர் பிடிக்கும் இடைவெளிக்கு அது போதும்.

ஒத்திகையில் ஒலியைத் தனியே கேட்டுத் தீர்மானிப்பதைக் குழு நிறுத்திவிட்டது. மிருதங்கமும் ஒரு குரலும் இல்லாமல் அற்றாக்கைத் தொடுவதில்லை என்பது இளைஞரின் விதி. ஹெட்போனில் இனித்த பாட் ஒலி மேடையில் செய்ததைப் பார்த்த பிறகு அவரிடம் இதற்கு வாதம் தேவைப்படவில்லை.

தீராத குறை ஒன்று உண்டு. உண்மையான ஆர்மோனியத்தில் கீழ் றீட்டுகள் பேசத் தொடங்க மேல் றீட்டுகளைவிடக் கூட நேரம் எடுக்கும். இந்தச் சிந்தசைசரில் கட்டையின் இடத்துக்கேற்ப என்வெலப் நேரத்தை மாற்றும் வசதி இல்லை. 12 மில்லிசெக்கன் என்பது இரண்டுக்கும் நடுவே எடுத்த சமரசம்: கீழே சற்றுக் கூர்மை, மேலே சற்று மென்மை. திருத்திய ஆர்மோனியம் ஒரு மாதம் கழித்து வந்ததும் பக்கத்தில் வைத்து வாசித்தபோது கீழ் ஸ்தாயியில்தான் வேறுபாடு துலங்கியது. அந்த வசதியுள்ள கருவி கிடைக்கும்வரை, சிந்தசைசரில் வாசிக்க நேர்ந்தால் கீழ்ச் சட்ஜத்துக்குக் கீழே போவதில்லை என்று வைத்திருக்கிறார்கள்.